ஒன்றாவது பெயர் தெரிந்த கதை, ஒன்பதாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது

[திரையில்: பழைய கரும்பலகை, சாக்பீஸில் எழுதிய பெயர்கள்]

1936 பிப்ரவரி. ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல். ஒன்பது அணிகளின் முதலாளிகள் உட்கார்ந்துகொண்டு, கரும்பலகையில் எழுதிவைத்த 90 கல்லூரிப் பையன்களில் இருந்து ஆளுக்கொருவராகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு மூன்று நாள் திருவிழா மாதிரி டிவியில் ஓடுகிற, அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் அங்கேதான் ஆரம்பித்தது. அன்றைக்கு முதலில் கூப்பிட்ட பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆடியவர், கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் வாங்கியவர். ஃபிலடெல்ஃபியா எடுத்தது, சம்பளம் கட்டுப்படியாகாது என்று பயந்து உரிமையை எங்கள் அணியான சிகாகோ பியர்ஸுக்குத் தள்ளிவிட்டது. எங்கள் முதலாளி ஜார்ஜ் ஹாலஸ் காசு விஷயத்தில் கெட்டி. பேரம் படியவில்லை. பெர்வாங்கர் ஒரு மேட்ச்கூட ஆடாமல் ஃபோம் ரப்பர் விற்கப் போய்விட்டார்.

டிராஃப்ட் வரலாற்றின் முதல் ஆள் எங்கள் கைக்கு வந்தும் எங்களுக்கு ஆடவில்லை. பியர்ஸ் ரசிகனாக இருப்பது எப்படி இருக்கும் என்று யார் கேட்டாலும் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

[திரையில்: ஏப்ரல் 25, 2024. டெட்ராய்ட்]

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். வரும் வியாழக்கிழமை, 2024 ஏப்ரல் 25, டிராஃப்ட். சிகாகோவிடம் முதல் ரவுண்டில் இரண்டு இடங்கள் இருக்கின்றன, 1 மற்றும் 9. ஊரெல்லாம் 1ஐப் பற்றிப் பேசுகிறது. நான் 9ஐப் பற்றிப் பேசப் போகிறேன், ஏனென்றால் என் கணக்கில் இந்த அணியின் அடுத்த ஐந்து வருடத்தைத் தீர்மானிக்கப் போவது அதுதான்.

அமெரிக்க ஃபுட்பாலே புதிது என்பவர்களுக்கு ஒரு நிமிடம். ஐபிஎல் ஏலம் தெரியும் அல்லவா, அதில் காசு இருக்கிறவன் கையைத் தூக்குவான். இங்கே ஏலம் கிடையாது. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தேர்வு, கோப்பையைத் தூக்கிய அணிக்கு கடைசித் தேர்வு, இப்படியே ஏழு ரவுண்டு. 32 அணிகள், இந்த வருடம் மொத்தம் 257 பேர். ஒரு பையனை ஒரு அணி எடுத்துவிட்டால் அவன் வேறு எங்கேயும் போய்ப் பேசமுடியாது, சம்பளமும் எத்தனையாவது இடத்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முன்கூட்டியே முடிவாகிவிட்டது. ஆனால் அந்த இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அடுத்த வருட இடத்தைக்கூட இன்றைக்கே விற்கலாம். சூதாட்டமே அதில்தான்.

எங்களுக்கு 1 எப்படி வந்தது என்பது தனிக் கூத்து. 2022 சீசனில் நாங்கள் 17 மேட்சில் மூன்று ஜெயித்தோம். அப்படியும் கடைசி நாள்வரை எங்களைவிட மோசமாக ஹூஸ்டன் இருந்தது. கடைசி மேட்சில் அவர்கள் தோற்றால் முதல் தேர்வு அவர்களுக்கு. அவர்களோ நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 20 யார்டு தேவைப்பட்ட நேரத்தில் ஒரு குருட்டடி அடித்து டச்டவுன் போட்டு 32-31 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள். முதல் தேர்வு எங்களிடம் வந்து விழுந்தது. அந்த ஹூஸ்டன் அணியின் கோச் யார்? 2006 சீசனில் எங்களை சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டிக்குக் கூட்டிப்போன, பிறகு நாங்களே வேலையைவிட்டு அனுப்பிய லவி ஸ்மித். ஜெயித்த அன்றைக்கு ராத்திரியே ஹூஸ்டனும் அவரை அனுப்பிவிட்டது. பாவம் மனிதர், போகிறபோக்கில் பழைய ஊருக்கு ஒரு பரிசு கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இடத்தை எங்கள் ஜெனரல் மேனேஜர் ரயன் போல்ஸ் 2023 மார்ச்சில் கரோலினாவுக்கு விற்றார். பதிலுக்கு அந்த வருடத்து 9வது, 61வது இடங்கள், கரோலினாவின் 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, மேலே ரிசீவர் (எறிகிற பந்தைப் பிடிப்பவர்) டிஜே மூர். கரோலினா பிரைஸ் யங்கை எடுத்தது, 2-15 (2 வெற்றி, 15 தோல்வி) என்று லீகிலேயே கடைசியாக வந்தது. அப்படித்தான் அவர்களுடைய 2024 தேர்வு எங்கள் கையில் மறுபடியும் நம்பர் 1 ஆக நிற்கிறது. எங்கள் சொந்தத் தேர்வு 9, ஏனென்றால் நாங்கள் 7-10. ஒரே மாட்டை இரண்டு தடவை கறந்த மாதிரி. போல்ஸைப் பற்றி எனக்கு வேறு புகார்கள் உண்டு (சேஸ் கிளேபூல் என்ற ரிசீவருக்காக இரண்டாம் ரவுண்டின் உச்சியில் இருந்த இடத்தை பிட்ஸ்பர்க்குக்குத் தூக்கிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை), ஆனால் இந்தப் பேரத்துக்கு ஒரு சல்யூட்.

[திரையில்: கேலப் வில்லியம்ஸ், யுஎஸ்சி சீருடையில்]

1ல் வரப்போவது கேலப் வில்லியம்ஸ். குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், 2022 ஹைஸ்மன். இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, அதுவரை எங்கள் குவார்ட்டர்பேக்காக இருந்த ஜஸ்டின் ஃபீல்ட்ஸை மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியபோதே முடிவு தெரிந்துவிட்டது. குறை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். போன அக்டோபரில் நோட்டர் டேமிடம் 48-20 என்று தோற்ற மேட்சில் மூன்று தடவை பந்தை எதிராளி கையில் கொடுத்தார், பந்தை விடாமல் நிறைய நேரம் கையில் வைத்துக்கொள்கிறார், அதனால் அடியும் வாங்குகிறார். ஆனால் இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது உடம்பை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு கையை இன்னொரு பக்கம் சுழற்றி 40 யார்டு எறிகிற ஆளை எங்கள் சட்டையில் நான் பார்த்ததே இல்லை. நகத்துக்குப் பெயின்ட் அடிக்கிறார், தோற்றபின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார் என்றெல்லாம் பேசுகிறவர்களுக்கு என்னிடம் நேரமில்லை.

எனக்குப் பயம் கேலப் மேல் இல்லை. எங்கள் மேல்தான்.

இந்த அணி நூறு வருடத்துக்கு மேல் பழையது. இதுவரை ஒரு சிகாகோ குவார்ட்டர்பேக்கூட ஒரு சீசனில் 4,000 யார்டு எறிந்ததில்லை. 32 அணிகளில் இப்படி ஒரு அணி நாங்கள் மட்டும்தான். 2023 சீசன்வரை எங்கள் ரெகார்டு 1995ல் எரிக் க்ரேமர் எறிந்த 3,838. உண்மையிலேயே பெரிய குவார்ட்டர்பேக் என்று சொல்லவேண்டுமானால் 1939ல் எடுத்த சிட் லக்மனுக்குப் போகவேண்டும், அதாவது இரண்டாம் உலகப்போர் காலத்துக்கு.

எல்லோரும் சொல்கிற காரணம், சிகாகோவுக்கு ஆளைப் பார்த்து எடுக்கத் தெரியாது. 2017 கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 3ல் இருந்து 2க்கு ஒரே ஒரு படி ஏறுவதற்காக மூன்று கூடுதல் தேர்வுகளைக் கொடுத்து மிட்சல் ட்ருபிஸ்கியை எடுத்தோம். அதே டிராஃப்டில் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 10வதாக கன்சாஸ் சிட்டிக்குப் போனார், இதுவரை மூன்று சூப்பர் பவுல். வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் மஹோம்ஸ் இங்கே வந்திருந்தால் மஹோம்ஸ் ஆகியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். அங்கே கோச் ஆண்டி ரீட் அவரை ஒரு வருடம் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார், களத்தில் இறங்கியபோது பந்தைப் பிடிக்க கெல்சியும் டைரீக் ஹில்லும் இருந்தார்கள். இங்கே அதே 2017ல் எங்கள் முதல் ரிசீவர் சீசன் முழுக்கச் சேர்த்தது 614 யார்டு. சீசன் முடிந்ததும் கோச்சுக்கு வேலை போனது, ட்ருபிஸ்கி இரண்டாம் வருடம் புது ஆளிடம் அ, ஆ என்று முதலில் இருந்து ஆரம்பித்தார்.

ஃபீல்ட்ஸுக்கும் அச்சு அசல் இதேதான். 2021ல் 11வதாக எடுத்தோம், அதற்கும் அடுத்த வருட முதல் ரவுண்டை அடகு வைத்து மேலே ஏறினோம். அவர் முதலில் தொடங்கிய மேட்ச், கிளீவ்லண்டில். ஒன்பது தடவை அவரைப் பந்தோடு தரையில் சாய்த்தார்கள் (சேக் என்பார்கள்), அணி முழுக்கச் சேர்ந்து எடுத்தது 47 யார்டு. அன்றைக்குப் பாதியில் டிவியை அணைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன். அந்த வருடமும் கோச் போனார். 2022ல் ஃபீல்ட்ஸ் 55 தடவை சேக் ஆனார், எங்கள் அணியில் பந்து பிடித்தவர்களில் ஒருவர்கூட 600 யார்டைத் தொடவில்லை. விதை சரியில்லை விதை சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் திட்டுகிறோம், வயலுக்குத் தண்ணீர் விட்டோமா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் 9.

[திரையில்: 1 முதல் 9 வரை கட்டங்கள். ஒவ்வொன்றாக நிரம்புகிறது]

இப்போது கொஞ்சம் கணக்கு. எங்களுக்குப் பின் வாஷிங்டன், நியூ இங்கிலாந்து, அரிசோனா, சார்ஜர்ஸ், ஜயன்ட்ஸ், டென்னஸி, அட்லாண்டா, அப்புறம் மறுபடி நாங்கள். 2லும் 3லும் குவார்ட்டர்பேக் போவது கிட்டத்தட்ட நிச்சயம், ஜேடன் டேனியல்ஸ், டிரேக் மே. மிஷிகனின் மெக்கார்த்திக்காக யாராவது கீழே இருந்து மேலே ஏறினால் நான்காவதும் போய்விடும். அப்படியானால் முதல் எட்டில் நான்கு குவார்ட்டர்பேக், மற்றவர்களுக்கு நான்கே கட்டம். அதில் ரிசீவர்கள் மார்வின் ஹாரிசன் ஜூனியர் ஒன்று, எல்எஸ்யூவின் மலிக் நேபர்ஸ் ஒன்று. டென்னஸிக்குக் குவார்ட்டர்பேக்கைக் காக்கிற இடது டேக்கிள் இல்லாமல் தவிப்பு, ஜோ ஆல்ட் அதற்கு மேலே போகாவிட்டால் அங்கே போவார். அட்லாண்டாவுக்குக் குவார்ட்டர்பேக் கேர்க் கசின்ஸ் மார்ச்சிலேயே வந்துவிட்டார், அவர்களுடைய பசி எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்த ஆள் வேண்டும் என்பது, அலபாமாவின் டாலஸ் டர்னர் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எண்ணிப் பாருங்கள், நான்கும் நிரம்பிவிட்டது.

யார் மிச்சம்? ரோம் ஓடுன்சே. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ரிசீவர், போன சீசனில் 1,640 யார்டு, கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே அதிகம். மேலே எறிந்த பந்தை இரண்டு பேர் நடுவில் எழும்பிப் பறித்துக்கொள்கிற ஆள். மற்ற வருடமாக இருந்தால் முதல் ரிசீவராகப் போயிருப்பார். அதனால் வியாழக்கிழமை ஒவ்வொரு அணி குவார்ட்டர்பேக் எடுக்கும்போதும் நான் கைதட்டப் போகிறேன்.

ஆனால் ரிசீவர் எதற்கு, மூர் இருக்கிறார், கீனன் ஆலனும் வந்துவிட்டாரே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். மூர் போன வருடம் 1,364 யார்டு, ஆலன் 13 மேட்சிலேயே 108 பந்து பிடித்தவர். ஆனால் ஆலனுக்கு டிராஃப்டின் மூன்றாம் நாள் 32 வயது முடிகிறது, ஒப்பந்தம் இந்த ஒரு வருடத்தோடு சரி. அவர் வாடகை வீடு. கேலப் தன் இரண்டாம், மூன்றாம் வருடத்தில், ஆட்டம் பிடிபடுகிற நேரத்தில், யாரைப் பார்த்து எறிவார்? காசுக் கணக்கும் இருக்கிறது. முதல் தேர்வுக்கு நான்கு வருடத்துக்கு 40 மில்லியன் டாலருக்குக் கொஞ்சம் குறைவு, சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கோ வருடத்துக்கே 55 மில்லியன். குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கிற இந்த நான்கு வருடத்தில் வீட்டைக் கட்டாவிட்டால் பிறகு கட்டவே முடியாது.

எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் வாதம் இருக்கிறது. 2000ல் இதே 9வது இடத்தில்தான் பிரையன் உர்லாக்கரை எடுத்தோம், ஹால் ஆஃப் ஃபேம். பியர்ஸ் என்றாலே டிஃபென்ஸ், அதை விடலாமா என்கிறார்கள். மான்டெஸ் ஸ்வெட் தனியாக ஒரு பக்கம் துரத்துகிறார், மறுபக்கம் ஆள் வேண்டும், யுசிஎல்ஏவின் லையாட்டு லாட்டுவை எடு என்பது என் அலுவலக நண்பர் ஒருவரின் கட்சி. லாட்டு எனக்கும் பிடிக்கும். கழுத்தில் அடிபட்டு ஆட்டமே முடிந்தது என்று டாக்டர்கள் சொன்னபின் திரும்பி வந்து போன சீசனில் 13 சேக் எடுத்தவர். ஓடுன்சே போய்விட்டால் இரண்டு மூன்று இடம் கீழே இறங்கி அவரை எடுங்கள், நான் முணுமுணுக்க மாட்டேன். ஓடுன்சே இருக்கும்போது எடுத்தால் மறுபடி பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன்.

இன்னொரு கட்சி, கீழே இறங்கி நிறையத் தேர்வுகளை வாங்கு என்கிறது. காரணம் உண்டு, எங்களிடம் மொத்தமே நான்குதான்: 1, 9, 75, 122. இரண்டாம் ரவுண்டு ஸ்வெட்டுக்காகப் போனது, ஒரு நான்காம் ரவுண்டு ஆலனுக்காகப் போனது. ஆனால் எங்களுக்குப் பின்னால் நின்று குவார்ட்டர்பேக்குக்காக அலைகிறவர்களில் முதலில் நிற்பது 11ல் இருக்கும் மினசோட்டா. எங்கள் பிரிவுக்காரர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை எதிரே நிற்பவர்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

75லும் 122லும் ஒரு லைன்மேன், ஒரு டிஃபென்ஸ் ஆள், போதும்.

கடைசியாக ஒன்று, டிராஃப்டில் சரிசெய்யமுடியாதது. கோச் மேட் எபர்ஃப்ளூஸ் இரண்டு வருடத்தில் 10-24. அவரை வைத்துக்கொண்டு, ஆஃபென்ஸுக்கு மட்டும் ஷேன் வால்ட்ரனைப் புதிதாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த சீசன் சொதப்பினால் என்ன ஆகும்? கோச் போவார், கேலப் இரண்டாம் வருடம் புது ஆளிடம் அ, ஆ. ட்ருபிஸ்கி, ஃபீல்ட்ஸ், மூன்றாவதாக இவர். ஜனவரியிலேயே மாற்றியிருக்கவேண்டும் என்பது என் கருத்து, திட்டுகிறவர்கள் திட்டலாம்.

வியாழன் ராத்திரி சிகாகோ நேரம் 7 மணிக்கு ஆரம்பம், இந்தியாவில் வெள்ளி காலை 5.30. முதல் பெயருக்காக யாரும் அலாரம் வைக்கவேண்டாம். அட்லாண்டா தன் எட்டாவது பெயரைச் சொல்வதற்கு முன் எழுந்துவிடுங்கள், அதுவரை நான் போனை எடுக்க மாட்டேன்.