50 ரூபாய் டிக்கெட்டில் நன்னன் மலை

வணக்கம் மக்களே. தொண்டை கட்டியிருக்கிறது, தொடை இரண்டும் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் இதை இன்றைக்கே பேசியாக வேண்டும். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறி இறங்கிவிட்டேன்! "அக்கா, மலை வீடியோ எப்போ, மலை வீடியோ எப்போ" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு மலைக்கு எங்கே போவது? நம் பக்கம் முழுக்கத் தட்டைத் தரை, ஏறி நிற்க மேம்பாலம்தான் இருக்கிறது, மொட்டை மாடிக்குப் போனால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும்.

முதலில் டிக்கெட். இதை நான் நிதானமாகத்தான் சொல்லப் போகிறேன், அவசரப்படுகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை பீச் ஸ்டேஷனில் இருந்து வேலூர் கண்டோன்மென்ட் வரைக்கும் போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டித்தார்கள். சாயங்காலம் 6 மணிக்கு பீச்சில் கிளம்புகிறது. நான் எடுத்த டிக்கெட் 50 ரூபாய். ஐம்பதே ரூபாய்! நம் ஏரியாவில் இருந்து பஸ்ஸுக்கு கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி ராத்திரி ஆகிவிடும், இதுவோ நம் வாசலில் இருந்து கிளம்புகிற மாதிரி. ஜன்னல் சீட் வேறு கிடைத்தது. பெரம்பூர் தாண்டும்போது பக்கத்தில் இருந்த பாட்டியிடம் இந்த டிக்கெட்டைக் காட்டி இரண்டு தடவை சொல்லிவிட்டேன், அவரும் இரண்டு தடவையும் ஆச்சரியப்பட்டார், ரொம்ப நல்லவர்.

போளூரில் இறங்கிவிட்டேன், அங்கே சித்தி வீடு இருக்கிறது, பழைய வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள், அந்தக் கிணற்று வீடு. காலையில் மலையடிவாரத்துக்குப் போக ஒரு ஆட்டோக்காரர் கேட்டது 500 ரூபாய். சென்னையில் இருந்து இவ்வளவு தூரம் கூட்டி வந்த ரயிலுக்கு 50, இந்த ஓர் ஓட்டத்துக்கு 500! நான் பேரமே பேசவில்லை, நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ரொம்ப நேரம் மனசு ஆறவில்லை.

சரி, மலைக்கு வருவோம். இந்த மலைக்கு நான் ஏன் போனேன் என்றால் மலைபடுகடாம்தான் காரணம். சங்க இலக்கியத்துப் பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடி, பாடியவர் பெருங்கௌசிகனார். நன்னன் என்கிற மன்னனிடம் பரிசு வாங்கிக்கொண்டு திரும்புகிற ஒரு கூத்தர் கூட்டம், எதிரே வருகிற இன்னொரு கூட்டத்துக்கு, நீங்களும் போங்கள், இப்படிப் போங்கள் என்று வழி சொல்கிறது. நன்னனுடைய ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். பாட்டில் வருகிற நவிர மலைதான் இந்தப் பர்வதமலை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த மலையில் நஞ்சுண்ட கடவுள் இருப்பதாகப் பாட்டு சொல்கிறது, இன்றைக்கும் உச்சியில் சிவன் மல்லிகார்ஜுனராக இருக்கிறார். ஏட்டுச் சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே.சா. 1889இல் அச்சில் கொண்டுவந்தார், அதனால்தான் இன்றைக்கு அதை என் போனில் வைத்துக்கொண்டு நான் மலை ஏற முடிகிறது.

மலை வீடியோ என்றாலே மேகம், ட்ரோன், பின்னால் ஒரு புல்லாங்குழல். எனக்கு அது பிடிக்காது, உங்களுக்கே தெரியும். இந்தப் பாட்டு அப்படியே நம் காலடியைப் பார்த்துக்கொண்டு கூடவே நடந்து வருகிறது. தினைப்புனத்தைப் பன்றி அழிக்காமல் இருக்கக் கல்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறது. பரண் மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. பாசி படிந்த வழுக்கல் இடம் வந்தால் "எருவை மென்கோல் கொண்டனிர் கழிமின்", அதாவது பக்கத்தில் இருக்கிற கோரைத்தண்டைப் பிடித்துக்கொண்டு கடந்து போங்கள். எவ்வளவு அக்கறை பாருங்கள்!

இன்னொன்று இருக்கிறது, இதைக் கேட்டால் ட்ரெக்கிங் போகிறவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவர்களுக்கே வழி குழம்புகிற இடத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? "இயங்கல் ஓம்பி நும் இயங்கள் தொடுமின்" என்கிறது பாட்டு. நடக்காதீர்கள், எல்லாரும் அகலமான பாறை மேல் சேர்ந்து நின்று உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், சத்தம் கேட்டு மலைக்காரர்கள் வருவார்கள். காட்டில் தொலைந்தால் ஒரே இடத்தில் நில், சத்தம் கொடு என்று இன்றைக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்வது இதைத்தான்.

அட, ஏறுகிற பாதையைப் பற்றியே சொல்லாமல் போகிறேனே. தென்மகாதேவமங்கலம் வழி ஒன்று, கடலாடி வழி ஒன்று, பாதி மலையில் இரண்டும் சேரும். நான் முதல் வழியில் போனேன். கீழே படிக்கட்டு, அப்புறம் உருண்டைக் கல்லும் வேருமாக ஒரு நீளமான ஏற்றம், இங்கேதான் மூச்சு வாங்கும், உச்சிக்குப் பக்கத்தில் செங்குத்துப் பாறையில் கடப்பாறைகளை அடித்து இறக்கிச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். மொத்த உயரம் 4,500 அடிக்கு மேல். அந்தக் கடப்பாறையைப் பிடித்துப் பார்த்தீர்களா? நம் கை படுகிற பக்கம் மட்டும் வழவழவென்று மினுங்குகிறது, அடிப்பக்கம் துருப்பிடித்து அப்படியே சொரசொரப்பு. எத்தனை பேர் உள்ளங்கை அது! உச்சியில் சாமிக்கு நாமே பூசை செய்யலாம், நான் கொண்டுபோன பூவை நானே வைத்தேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். வழி முழுக்கப் பாறையில் பெயின்ட். ஆள் பேர், இதயக்குறி, ஊர்ப் பேர், அம்புக்குறி வேறு நாலு நிறத்தில், ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கம் காட்டுகிறது. புதிதாக வருகிறவனுக்கு எதை நம்புவது என்றே தெரியாது. மலைபடுகடாம் இதற்கும் வழி சொல்லியிருக்கிறது. "சந்து நீவிப் புல்முடிந்து இடுமின்". பாதை பிரிகிற இடத்தைக் கொஞ்சம் சுத்தம் செய்துவிட்டு, அங்கே இருக்கிற புல்லை முடிச்சுப் போட்டு வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளம். அவ்வளவுதான்! புல் காய்ந்து உதிரும், மலை பழையபடி இருக்கும்.

இரண்டு வழியும் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்று இதைத்தான் கேமராவில் படபடவென்று பேசிக்கொண்டிருந்தேன். மேலே கடைக்குத் தண்ணீர்க் கேன் சுமந்துகொண்டு ஒரு அண்ணன் வந்தார். தோளில் அந்தப் பாரத்தோடு நின்று, ஓரமாக ஒரு பச்சைக் கிளையை ஒடித்து, ஆடு மேய்க்கிற ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு நடந்தார். ஏன் அண்ணே என்று ஓடிப்போய்க் கேட்டேன். "பின்னால மச்சான் அரிசி தூக்கிட்டு வரான் தாயி, அவன் இன்னிக்குத்தான் புதுசு, அந்தப் பக்கம் போயிடுவான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தப் பாட்டை நான் போனில் வைத்திருக்கிறேன், அவர் அதைக் கையில் வைத்திருக்கிறார்.

மேலே அவர் கடையில் தண்ணீர் பாட்டில் 40 ரூபாய். அடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். நான் முழு மனசோடு கொடுத்தேன், அந்தக் கேன் எப்படி மேலே வந்தது என்று பார்த்தவள் நான்.

அப்புறம் ப்ளூடூத் ஸ்பீக்கர். இதை விடமாட்டேன். ஒரு கூட்டம் குத்துப்பாட்டு போட்டுக்கொண்டே ஏறியது. குத்துப்பாட்டு எனக்கும் பிடிக்கும், நம் தெருவில் கேட்கும்போது ஆடவே செய்வேன். ஆனால் மலைபடுகடாமில் மலையின் சத்தங்களை மட்டுமே ஒரு நீண்ட பட்டியலாகச் சொல்கிறார் புலவர். அருவிச் சத்தம், புலி புலி என்று பெண்கள் கூச்சல் போடுவது, புலியால் புண்பட்ட கணவனின் வலி தீரக் கொடிச்சி, அதாவது குறத்தி, பாடுவது, பாறை இடுக்கில் விழுந்துவிட்ட குட்டிக்காகத் தன் கூட்டத்தோடு சேர்ந்து அழுகிற மந்தி. அந்த மந்தி இடம் வந்தால் நான் படிப்பதை நிறுத்திவிடுவேன், மேலே போக முடியாது. இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்ட ஒரு மனிதர் நடந்த மலையில் ஸ்பீக்கரா?

சாப்பாடு சொல்ல மறந்தேனே! மலைபடுகடாமில் வழிநெடுக விருந்து. மூங்கில் அரிசியும் அவரை விதையும் சேர்ந்த புளிங்கூழ் என்று ஒன்று வரும். சித்தி கட்டிக் கொடுத்தது புளிச்சோறு, மொச்சைச் சுண்டல். உச்சியில் பொட்டலத்தைப் பிரித்தபோதுதான் இது உறைத்தது, உடனே சித்திக்குப் போன் போட்டேன், சிக்னல் கிடைக்கவில்லை, கீழே வந்துதான் சொன்னேன்.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் வேண்டாம், பாசி வழுக்கும். பௌர்ணமியன்று கூட்டம் நெரியும், சங்கிலிப் பாதையில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், சாதாரண நாளில் விடிந்த பிறகு ஏறுங்கள். உங்கள் கேங்கில் பெயின்ட் டப்பா கொண்டுவருகிற ஆள் இருந்தால், பீச் ஸ்டேஷனிலேயே அதை வாங்கி வைத்துவிட்டு ஆளை மட்டும் ரயிலில் ஏற்றுங்கள்.