நாரி ஒப்பரேசனை உடனே செய்தவரா, பொறுத்திருந்தவரா? ஒரு வருடத்துக்குப் பிறகு யார் முன்னால்?

[காட்சி: திருகோணமலை, டச்சு விரிகுடாக் கடற்கரை. அதிகாலை. கரைவலை இழுப்பவர்கள் பின்னோக்கி நடக்கிறார்கள்.]

நாரியில் தொடங்கிக் கால் விரல் வரை மின்சாரம் பாய்வது போல நோ இறங்கிக்கொண்டிருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனடியாக முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை; மற்றக் குழுவுக்கு மாத்திரை, நடமாட்டம், பொறுமை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவில் 100க்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். இரண்டாவது குழுவில் எத்தனை பேர் என்று நினைக்கிறீர்கள்? வீடியோவை நிறுத்தி, உங்கள் விடையைக் கீழே எழுதிவிட்டுத் தொடருங்கள், ஏமாற்ற வேண்டாம்.

அங்கும் 95 பேர்தான்.

வணக்கம். 2007ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வைக் கேட்டவுடன், “அப்படியானால் கத்தி எதற்கு?” என்று வீட்டுக் குழுமத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். உடனே சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 4 வாரங்களில் குணமடைந்துவிட்டார்கள். பொறுத்திருந்தவர்களில் பாதிப் பேர் குணமடைய 12 வாரங்கள் ஆயின. சேருமிடம் ஒன்றாக இருந்தாலும் இடையில் எட்டு வாரங்கள் இருக்கின்றன. அலுவலகக் கதிரையில் இருப்பவர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிடலாம். வாடைக்காற்று தொடங்குவதற்கு முன் கடலுக்குப் போய் உழைத்தாக வேண்டியவருக்கு அந்த எட்டு வாரங்கள் வீட்டு அடுப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

தலைப்பில் ஒரு சிறு தந்திரமும் இருக்கிறது. “பொறுத்திருந்தவர்” என்று நான் எழுதிய 142 பேரில் 55 பேர், அதாவது 100க்கு 39 பேர், வலி பொறுக்க முடியாமல் அந்த ஒரு வருடத்துக்குள் தாங்களும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

அதற்கு முன் ஓர் அவசரக் குறிப்பு. சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொண்டால், அல்லது மலம் தன்னையறியாமல் போனால், அல்லது சைக்கிள் இருக்கையில் படும் பகுதி முழுவதும் மரத்துப்போனால், இந்த வீடியோவை மூடிவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முள்ளந்தண்டின் அடியில் குதிரை வால் போலத் தொங்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள் அவை. அங்கே மணித்தியாலங்கள்தான் கணக்கு. பொறுத்திருக்கலாமா என்று ஆராயும் ஆய்வுகளில் இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதே இல்லை.

வரலாற்றை ஒரு வசனத்தில் முடிக்கிறேன்: முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் இந்தக் கால் நோ வருகிறது என்று மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 1934இல் எழுதினார்கள், அன்று முதல் உலகம் அந்தப் பிதுக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது.

[காட்சி: யன்னல் வெளிச்சத்தில் பிடிக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படம்.]

இந்தப் படம் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு மாமாவுடையது. அவருடைய அனுமதியுடன் காட்டுகிறேன். நிலாவெளிக் கரையில் படகு எஞ்சினைத் தோளில் சுமந்தே வயது ஐம்பதைத் தாண்டியவர். பெரிய பழுப்பு உறையிலிருந்து படத்தை உருவி, கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, “தம்பி, எல்-4க்கும் எல்-5க்கும் நடுவிலே பிதுங்கியிருக்காம், வெட்டினால் சரியாகுமா?” என்று கேட்டார். எல்-4, எல்-5 என்பன நாரிப் பகுதியின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகள். பிதுக்கம் தெரிவது உண்மைதான். ஆனால் நோ எதுவுமே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வொன்றில், ஐம்பது வயதினரில் 100க்கு 60 பேருக்கு இடைத்தட்டு புடைத்திருந்தது. எனவே படத்தை மட்டும் வைத்து அவருக்குப் பதில் சொல்ல முடியாது. வெட்டியவர்களுக்கும் வெட்டாதவர்களுக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்கத்தான் அமெரிக்காவில், 11 மாநிலங்களிலுள்ள 13 மையங்களில், ‘ஸ்போர்ட்’ என்று சுருக்கி அழைக்கப்படும் பேராய்வை நடத்தினார்கள். பெயரில் விளையாட்டு இருந்தாலும் விடயம் விளையாட்டல்ல. இடைத்தட்டுப் பிதுக்கம் உள்ள 501 பேருக்குத் திருவுளச்சீட்டுப் போட்டு, ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சை, மறு பாதிக்குச் சத்திரசிகிச்சை இல்லாத பராமரிப்பு என்று பிரித்தார்கள். அதற்கு என்ன நடந்தது என்பதை நான் மூதூருக்குப் போகும் வழியை வைத்து விளக்குகிறேன்; இந்த உவமைக்காகவே இந்த வீடியோவைச் செய்தேன் என்றாலும் தவறில்லை.

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லாஞ்சில் விரிகுடாவைக் குறுக்கறுத்துப் போவது விரைவா, கிண்ணியாப் பாலத்தின் வழியாக பஸ்சில் சுற்றிப் போவது விரைவா என்று நாம் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்கி 100 பேருக்கு லாஞ்ச் டிக்கெட்டும் 100 பேருக்கு பஸ் டிக்கெட்டும் கொடுக்கிறோம். லாஞ்ச் டிக்கெட் பெற்றவர்களில் 40 பேர் இறங்குதுறையில் நின்று அலையைப் பார்த்துப் பயந்தோ, “இன்றைக்குப் பரவாயில்லை, அவசரமில்லை” என்று மனம் மாறியோ பஸ் நிலையத்துக்கு நடந்துவிடுகிறார்கள். பஸ் டிக்கெட் பெற்றவர்களில் 45 பேரோ, பஸ் புறப்படக் காத்திருந்து சலித்து, ஓட்டோ பிடித்து இறங்குதுறைக்கு ஓடி லாஞ்சில் ஏறிவிடுகிறார்கள். மூதூர்க் கரையில் கடிகாரத்துடன் நிற்கும் நாம் ஒவ்வொருவரிடமும், “எதில் வந்தீர்கள்?” என்று கேட்பதில்லை, “கையில் என்ன டிக்கெட்?” என்று மட்டுமே கேட்கிறோம். இப்போது லாஞ்ச் டிக்கெட்காரர்களும் பஸ் டிக்கெட்காரர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்ததாகத்தானே கணக்குக் காட்டும்?

அந்த 40ஐயும் 45ஐயும் நான் உவமைக்காக இட்டுக்கட்டவில்லை. ஸ்போர்ட் ஆய்வில் இரண்டு வருட முடிவில், சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 100க்கு 60 பேர் மட்டுமே அதைச் செய்துகொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 45 பேர் செய்துகொண்டிருந்தார்கள். 2006இல் முடிவு வெளியானபோது இரு குழுக்களும் நன்றாக முன்னேறியிருந்தன. முதன்மை அளவீடுகளில் இருந்த வேறுபாடு சத்திரசிகிச்சையின் பக்கம் சாய்ந்திருந்தாலும், புள்ளிவிபரப்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதாக இருக்கவில்லை.

“அப்படியானால் எதில் வந்தார்கள் என்றே கேட்டுவிடலாமே” என்பீர்கள். கேட்டார்கள். உண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களை ஒரு பக்கமும் செய்யாதவர்களை மறு பக்கமும் வைத்து எண்ணியபோது சத்திரசிகிச்சை தெளிவாக முந்தியது. ஆனால் அப்படி எண்ணும்போது திருவுளச்சீட்டின் பயன் போய்விடுகிறது. லாஞ்சுக்கு ஓடியவர்கள் அவசரக்காரர்கள், ஆய்வில் கத்திக்கு மாறியவர்கள் பெரும்பாலும் நோ கூடியவர்கள்; இரு பக்கத்திலும் இருப்பவர்கள் ஒரே மாதிரியான மனிதர்கள் அல்லர். நோ கூடியவரைக் குலுக்கலில் விழுந்தது என்பதற்காகக் கட்டிப்போடவும் முடியாது. நெதர்லாந்தின் 55 பேரும் இதே கதைதான்.

சிக்கல்களுக்கு வருவோம். நரம்புகளைச் சுற்றி டியூரா என்ற மெல்லிய உறை இருக்கிறது. அதனுள்ளே இருப்பது, பாடசாலையில் ‘மூளைய முண்ணாண் பாய்பொருள்’ என்று நாக்குத் தடுக்க மனனம் செய்தோமே, அந்தத் திரவம். வெட்டும்போது உறை கிழிந்தால் திரவம் கசியும். நோயாளி படுத்திருக்கும்வரை சுகமாக இருப்பார். தேநீர் குடிக்க எழுந்து உட்கார்ந்தவுடன் தலை வெடிப்பது போல இடிக்கும். மறுபடி படுத்தால் அடங்கும். பெரும்பாலும் கிழிசலை அங்கேயே தைத்துவிடுவார்கள். ஸ்போர்ட் ஆய்வில் இடைத்தட்டுச் சத்திரசிகிச்சையில் 100க்கு 4 பேருக்கும், அதன் இன்னொரு பிரிவில், முள்ளந்தண்டுக்குள் நரம்புகள் செல்லும் கால்வாய் ஒடுங்கியதற்கான சத்திரசிகிச்சையில் 9 பேருக்கும் இந்தக் கிழிசல் ஏற்பட்டது.

என்னை அதிகம் ஈர்த்த எண் வேறு. 2010இல் 105 ஆய்வுகளைத் தொகுத்து, 79,471 நோயாளிகளில் சிறிதும் பெரிதுமாக 100க்கு 16.4 என்ற அளவில் சிக்கல்கள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். பழைய கோப்புகளைப் புரட்டி எழுதிய ஆய்வுகளில் அது 16.1, முதல் நாளிலிருந்தே கொப்பியும் பேனையுமாகக் காத்திருந்து எழுதிய ஆய்வுகளில் 19.9. பார்க்கவென்று உட்கார்ந்தால் கூடுதலாகத் தெரிகிறது. ஆகையால் யாராவது “எங்களிடம் சிக்கலே வருவதில்லை” என்றால், “யார் எண்ணுகிறார்கள், எப்போது எண்ணுகிறார்கள்?” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

எலும்புகளைத் திருகாணி வைத்து இணைப்பதைப் பற்றிச் சுருக்கமாக: கால்வாய் ஒடுங்கிய, 50 முதல் 80 வயது வரையான 247 பேரிடம் சுவீடனில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தை நீக்கியதோடு நிறுத்தியவர்களைவிட, மேலதிகமாக இணைப்பும் செய்துகொண்டவர்கள் இரண்டு வருடங்களில் சிறப்பாக இருக்கவில்லை. அமெரிக்க முதியோர் காப்புறுதிப் பதிவுகளிலோ, உயிருக்கு ஆபத்தான சிக்கல் அழுத்த நீக்கம் மட்டும் செய்தவர்களில் 2.3 வீதம், சிக்கலான இணைப்புச் செய்தவர்களில் 5.6 வீதம். முள்ளெலும்பு உறுதியிழந்து அசைபவர்களுக்கு இணைப்பு தேவைப்படலாம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆணி என்றாலே பலம் என்று நம்பும் நம்மவர் பழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

இறுதியாக, “குணம்” என்பதை எதை வைத்து அளக்கிறார்கள்? பல ஆய்வுகளில் அது ஒரு தாள்தான். இங்கிலாந்தின் ஒஸ்வெஸ்ட்ரி என்ற சிறு நகரத்தின் பெயரைத் தாங்கி 1980இல் வெளியான அந்தப் படிவத்தில் பத்துப் பகுதிகள் உண்டு: நோ, குளித்து உடுத்தல், தூக்குதல், நடத்தல், உட்காருதல், நிற்றல், உறக்கம், பாலுறவு, சமூக வாழ்க்கை, பயணம். ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி. மொத்தத்தை 50ஆல் வகுத்து வீதமாக்குவார்கள். வீதம் கூடக் கூட இயலாமை கூடுகிறது.

[காட்சி: மாமா மேசையில் குனிந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து எழுதுகிறார்.]

தூக்குதல் பகுதியில் பேனையை நிறுத்தி, எஞ்சினைத் தூக்குவதா, மீன் பெட்டியைத் தூக்குவதா என்று கேட்டார். எட்டாவது பகுதிக்கு வந்ததும் அடுப்படியிலிருந்த மாமியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அதை வெறுமையாக விட்டு ஒன்பதாவதுக்குத் தாவினார். படிவத்தை உருவாக்கியவர்கள் இதையும் எதிர்பார்த்திருக்கிறார்கள்: ஒரு பகுதி விடுபட்டால் 45ஆல் வகுக்க வேண்டும். மாமா 19 புள்ளிகள் எடுத்திருந்தார். வகுத்தால் 42 வீதம். தாளில் திகதியை எழுதி, எம்.ஆர்.ஐ. உறைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தேன். அடுத்த கிளினிக் ஆறு வாரங்களில். அன்று காலை இன்னொரு தாளை நிரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.