வேக்கோ: விசாரித்ததும் விசாரிக்காததும்

நண்பர்களே,

1993 ஏப்ரல் 19. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வேக்கோ நகருக்கு வெளியே ஒரு பெரிய மரக்கட்டடம் நடுப்பகலில் பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் டேவிட் கொரேஷைத் தீர்க்கதரிசியாக நம்பிய பிராஞ்ச் டேவிடியன்கள் என்ற கிறிஸ்தவ மதக் குழுவினர். குழந்தைகள் உட்பட 76 பேர் செத்தார்கள். 51 நாள் முற்றுகை அப்படித்தான் முடிந்தது.

அது தொடங்கியதும் ஒரு சொதப்பலில்தான். பிப்ரவரி 28 அன்று சட்டவிரோத ஆயுதங்களைத் தேடி ஏ.டி.எஃப் படை (அப்போது கருவூலத் துறையின் கீழ் இருந்த மது, புகையிலை, துப்பாக்கிப் பணியகம்) புறப்பட்டது. "நாம் வருவது கொரேஷுக்குத் தெரிந்துவிட்டது" என்று அவர்களுடைய உளவாளியே ஓடிவந்து சொன்னார். தலைமை காதில் வாங்கவில்லை. நான்கு அதிகாரிகளும் ஆறு டேவிடியன்களும் மாண்டார்கள். கருவூலத் துறையின் சொந்த அறிக்கையே தலைமையைக் கண்டித்தது. நடவடிக்கையை நடத்திய இருவரை வேலையை விட்டு நீக்கினார்கள். பிறகு அவர்களையே சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்!

தீ வைத்தது யார்? தீப்பிடிக்கக்கூடிய குண்டு எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை என்று, முற்றுகையை நடத்திக் கடைசி நாளில் கண்ணீர்ப்புகையைச் செலுத்திய எஃப்.பி.ஐ ஆறு வருடம் சாதித்தது. 1999 ஆகஸ்டில் உண்மை வெளிவந்தது: அப்படிப்பட்ட கண்ணீர்ப்புகைக் குண்டுகள் மூன்றைச் சுட்டிருக்கிறார்கள். ஆனால் சுட்டது தீப்பிடிப்பதற்குச் சுமார் நான்கு மணி நேரம் முன்பு, அதுவும் கட்டடத்தின் மேல் அல்ல, பக்கத்திலிருந்த கட்டுமானப் பள்ளத்தை நோக்கி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் மறைத்ததோ சுண்டைக்காய். அதனாலேயே ஊர் முழுப் பூசணிக்காயைத் தேட ஆரம்பித்தது.

நீதித் துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ஜேனட் ரீனோ கொதித்துப்போனார். எஃப்.பி.ஐ தலைமையகத்துக்கே மார்ஷல்கள் எனப்படும் மத்திய அரசுக் காவலர்களை அனுப்பி, ஒலியும் பதிவான அகச்சிவப்பு (வெப்பத்தைக் காட்டும்) வீடியோ நாடாவைக் கைப்பற்ற வைத்தார். முன்னாள் செனட்டர் ஜான் டான்ஃபோர்த்தை விசாரணைக்கு நியமித்தார். ரீனோ ஜனநாயகக் கட்சி, டான்ஃபோர்த் குடியரசுக் கட்சி. நல்ல தேர்வு என்றே சொல்வேன். தீப்பிடித்த நாளில் எடுத்த அகச்சிவப்புப் படத்தில் தெரிந்த மின்னல்கள் துப்பாக்கிச் சூடா என்று பார்க்க, ஃபோர்ட் ஹூட் ராணுவத் தளத்தில் அன்றைய காட்சியையே திரும்ப நடத்திப் பார்த்தார்கள். 2000 நவம்பரில் இறுதி அறிக்கை வந்தது. அரசு தீ வைக்கவில்லை, அன்று துப்பாக்கியால் சுடவும் இல்லை. தீயை மூட்டியது டேவிடியன்கள். எரிபொருள் ஊற்றுவதைப் பற்றி உள்ளே பேசிக்கொண்டது ஒட்டுக்கேட்புக் கருவிகளில் பதிவாகியிருந்தது. இந்த முடிவை நான் ஏற்கிறேன்.

என் குறை வேறு. கெட்ட செயல் நடந்ததா என்பதைத்தான் பார்ப்பேன், எடுத்த முடிவு புத்திசாலித்தனமானதா என்று பார்க்க மாட்டேன் என்று டான்ஃபோர்த் ஆரம்பத்திலேயே கோடு போட்டுக்கொண்டார். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்குள் ராணுவ வாகனங்களை விட்டு, மணிக்கணக்கில் கண்ணீர்ப்புகையைச் செலுத்தலாமா? இன்னும் சில வாரம் பேசிப் பார்த்திருக்கக் கூடாதா? இவை கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

கடைசியில் இந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டது ஒரே ஒருவர் மேல். உங்களிடம் உண்மையை மறைக்கிறார்கள் என்று ரீனோவுக்குக் கடிதம் எழுதிய அதே அரசு வழக்கறிஞர்! அந்தக் குண்டுகளைப் பற்றித் தாமே எழுதிவைத்திருந்த குறிப்புகளை அவரும் ஒளித்து வைத்திருந்தார். இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்போடு அவர் வழக்கும் முடிந்தது.