அனுதாப ஓட்டா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். மீதி வணக்கத்தை மணி அடித்த பிறகு சொல்லிக்கொள்கிறேன்.

வீரனின் பெருமையைச் சொல்வது கணக்கேடா, களமா என்பது தலைப்பு. களமே என்று பேச வந்தவனைப் பேசவிடாமல் எதிரணித் தலைவர் ஒரு கல்லை வீசிவிட்டுப் போனார். “அமெரிக்க பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து எறிபவர், ஜிம் அபாட், 1989இலிருந்து 1999 வரை ஆடியும் 87 வெற்றி, 108 தோல்வி. அவர் புகழெல்லாம் ஒரு கை இல்லையே என்று விழுந்த அனுதாப ஓட்டு!” நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இறங்கப்போவதில்லை.

அனுதாபமா? மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட்டில் பள்ளிக்கூட ஆட்டம். வலது மணிக்கட்டோடு கை நின்றுபோன பையன் எறிய வருகிறான். எதிரணி என்ன செய்தது தெரியுமா? “எறியவும் அந்தக் கைதான், பிடிக்கவும் அந்தக் கைதான், பண்ட் போடுங்கடா!” மட்டையைச் சுழற்றாமல் குறுக்கே பிடித்து, பந்தை அவன் முன்னால் சும்மா உருட்டிவிடுவதுதான் பண்ட். வரிசையாகப் போட்டார்கள். முதல் பையன் பிழைத்தான். அடுத்தடுத்து வந்தவர்கள் அவுட், அவுட், அவுட்!

எப்படி? மெதுவாகச் சொல்கிறேன். எறியும்போது கிளவுஸ் வலது முன்கை நுனியில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். பந்தை விட்ட இடக்கை, கீழே இறங்கும் அதே வீச்சில் கிளவுஸுக்குள் நுழையும். பந்து வந்ததா, பிடித்தாயிற்றா? கிளவுஸை வலக்கைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கி, இடக்கையைப் பந்தோடு உருவி, மட்டைக்காரன் ஓடிப்போய்த் தொடவேண்டிய முதல் பேஸுக்கு எறிய வேண்டும். சரியாக இடுக்காவிட்டால் பந்து உள்ளே சிக்கும். அவசரமாக உருவினால் காலடியில் விழும். மட்டைக்காரன் 90 அடி ஓடி முடிப்பதற்குள் இத்தனையும்! அப்பா சொல்லிக்கொடுத்தது, செங்கல் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகியது.

இன்னொரு தடவையா? இடுக்கு, உருவு, எறி! அதோ, எதிரணித் தலைவர் கைக்குட்டையை இடுக்கிப் பார்க்கிறார். விழுந்துவிட்டது ஐயா, எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 108 தோல்வி. பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பிட்சர் பேரில் எழுதுவார்கள். 1992இல், சகாக்களின் தவறால் போனதைத் தள்ளிவிட்டால், அவர் 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக விட்டுக்கொடுத்தது 2.77 ரன். பிரமாதமான பந்துவீச்சு. ஏட்டில் என்ன இருக்கிறது? 7 வெற்றி, 15 தோல்வி! ஏனென்றால் அவருடைய கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் மட்டைக்காரர்கள் ரன் எடுக்கவில்லை. அவர் அணி ஆடிய அமெரிக்கன் லீகில் பிட்சர் மட்டை பிடிக்கவே மாட்டார். அவருக்குப் பதில் இன்னொருவர் அடிப்பார். மட்டையே பிடிக்காதவன் தலையில் தோல்வியை எழுதுகிற கணக்கப்பிள்ளையை நம்பியா வாதாடுகிறீர்கள்? 1996இல் 2 வெற்றி, 18 தோல்வி. அதை மறைக்கவில்லை. பந்தின் வேகம் போய்விட்டது, அடி வாங்கினார்.

1993 ஆகஸ்ட் 29. நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஆடிய அபாட்டை கிளீவ்லாந்து அணி நான்கு இன்னிங்ஸ்கூட நிற்கவிடவில்லை, 7 ரன். ஆறே நாள் கழித்து, செப்டம்பர் 4, யாங்கி ஸ்டேடியம், அதே கிளீவ்லாந்து. 9 இன்னிங்ஸ், ஒரு ஹிட்கூட இல்லை! பந்து குறி தப்பியதால் ஐந்து பேரை முதல் பேஸுக்குச் சும்மா நடந்துபோக விட்டார், ஆனால் ஒருவன்கூட அடித்து பேஸுக்குப் போகவில்லை. 4-0. அனுதாபப்பட்டா 27 அவுட்டும் கொடுத்தார்கள்?

மணி கேட்கிறது நடுவர் அவர்களே, ஒரு நிமிடம்.

ஊர் ஊராக அபாட் ஆடப்போன இடத்திலெல்லாம் கை குறைந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் காத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவார். ஓய்வுக்குப் பிறகு, சொந்த மகளின் மழலையர் பள்ளிக்குப் போய்த் தன் தொழிலைப் பற்றிப் பேசினார். அந்த ஐந்து வயது மகள் எல்லார் முன்னாலும் கேட்டது: அப்பா, உங்க குட்டிக் கையை உங்களுக்குப் பிடிக்குமா?

பிடிக்கும் என்றார். எப்போதும் பிடித்ததில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

எதிரணித் தலைவரே, அந்தக் குழந்தை கேட்டதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள், வெற்றியிலா, தோல்வியிலா?