உப்பு மறைக்கும் லிப்பிட்

வணக்கம் நேயர்களே. மூலக்கூறுகளை எடைபோட்டுக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் புற்றுநோய் செல்லின் லிப்பிடுகளை, அதாவது கொழுப்பு மூலக்கூறுகளை, அளக்கும்போது சிக்னல் குறைந்தால் உடனே கருவியைத்தான் சந்தேகப்படுகிறோம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, செல்லைக் கழுவும்போதே, தொடங்கிவிடுகிறது.

ஆய்வகங்களில் வளர்க்கும் ஹீலா என்ற புற்றுநோய் செல்களை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கழுவும் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் 137 மில்லிமோலார் சோடியம் குளோரைடு உண்டு. அந்த உப்பு மிச்சமிருந்தால் ஒரே லிப்பிடின் சிக்னல் இரண்டாகப் பிரிந்துபோகும். பாஸ்பாடிடைல்கோலின் என்ற செல்சவ்வு லிப்பிடின் 34:1 வகை (கொழுப்பமிலங்களில் மொத்தம் 34 கார்பன், 1 இரட்டைப் பிணைப்பு) புரோட்டானைச் சுமந்தால் நிறை–மின்னூட்ட விகிதம் (m/z) 760.585இல் தெரியும், சோடியத்தைச் சுமந்தால் 782.567க்குப் போய்விடும். அரகிடோனிக் அமிலம் இருக்கக்கூடிய 36:4 வகை புரோட்டானோடு தெரியும் இயல்பான இடம் 782.569. இடைவெளி வெறும் 0.0024! கருவியால் மட்டுமே பிரிக்க வேண்டுமென்றால் 3 லட்சத்துக்கும் மேலான பகுதிறன் (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) வேண்டும். இது தெரியாமல் ‘செல்லில் அரகிடோனிக் அமிலம் கூடிவிட்டது’ என்று எழுதிவிடுவோம். உண்மையில் கூடியது உப்பு.

கடைசியாக ஒருமுறை, குளிர்ந்த 150 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட்டில் சட்டென்று கழுவி, முழுவதும் உறிஞ்சி எடுங்கள். இது ஆவியாகிற உப்பு, கருவியில் தங்காது. கருவிக்கு முன் லிப்பிடுகளைப் பிரிக்கும் ரிவர்ஸ் ஃபேஸ் பிரிப்புக் குழலில் (column) ஓட்டினால் 36:4 முன்னதாகவே வெளியேறிவிடும், குழப்பம் தீரும்.

பிரித்தெடுக்க 1959இன் பிளை–டையர் முறை இன்றும் போதும். குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 1:2:0.8, செல்லின் நீரும் இதில் சேர்த்தி. டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய உள்தரங்களை, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டு லிப்பிடுகளை, பிரித்தெடுப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். பிறகு குளோரோஃபார்மும் நீரும் ஒவ்வொரு பங்கு. லிப்பிட் இருக்கும் அடி அடுக்கை எடுக்கையில் நடுவிலுள்ள வெள்ளைப் புரதத் தட்டை பிப்பெட் தொடக் கூடாது. கண்ணாடிக் குழாய், டெஃப்லான் மூடி மட்டும். பிளாஸ்டிக்கிலிருந்து குளோரோஃபார்ம் எருகமைடு என்ற வழுக்குப்பொருளைக் கரைத்துக்கொண்டு வரும், 338.34இல் அது நிமிர்ந்து நின்றால் குழாயை மாற்றுங்கள். செல் இல்லாத வெற்று மாதிரி ஒன்று எப்போதும் ஓடட்டும்.

கருவிக்குள் மாதிரியைத் தெளிக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 300 நானோலிட்டர் அளவுக்குக் குறைத்தால் துளிகள் சிறுத்து, மிகுதியான கோலின் லிப்பிடுகள் மற்றவற்றை அமுக்குவதும் தணியும். ஆனால் ஊசி அடைத்துக்கொள்ளும். மாதிரியைச் சுழற்றித் தெளியவிட்ட பிறகே ஏற்றுங்கள்.

மிகக் கடினமானது பிஐபி3. இதைக் கட்டுப்படுத்தும் பிடென் (PTEN) நொதியை இழந்த புற்றுநோய்களில் சேர்ந்துவிடும் லிப்பிட் இது; ஆனால் அளவு சொற்பம், பாஸ்பேட் சுமையால் கண்ணாடியிலும் பிரிப்புக் குழலிலும் ஒட்டிக்கொள்ளும். அமிலம் கலந்து பிரித்தெடுத்து, டிரைமெதில்சிலைல் டையசோமீத்தேனால் பாஸ்பேட்டுகளை மெத்திலேற்றினால் நேர்மின் அயனிகளை அளக்கும் பாசிட்டிவ் முறையில் நன்றாகத் தெரியும். இந்த டையசோமீத்தேன் வினைப்பொருளை முகர்ந்தால் உயிருக்கே ஆபத்து. புகைக்கூண்டுக்குள் மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மஞ்சள் நிறம் மறையும்வரை அசிட்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.