தொலைந்ததா, பெட்டியில் கிடந்ததா?

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் பழைய கல்லூரி என்றால் அதன் நூலகத்தில் ஒரு பூட்டிய அறை இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து படித்து முடிக்கும்வரை அதற்குள் எட்டிப் பார்க்காதவர்களே அதிகம். கேட்டால், “பழைய பேப்பரெல்லாம் அங்கே போட்டு வைத்திருக்கிறோம்” என்பார்கள். இந்தப் ‘போட்டு வைத்திருக்கிறோம்’ என்கிற பேச்சோடுதான் இன்று எனக்குச் சண்டை.

ராமானுஜனின் ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1920இல் அவர் இறந்த பிறகு, கடைசிக் காலத்தில் எழுதிய தாள்கள், அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியிடம் போய்ச் சேர்ந்தன. அவரிடமிருந்து ஜி.என். வாட்சன் என்ற கணிதப் பேராசிரியரிடம். வாட்சன் 1965இல் காலமானார். அவரைப் பற்றி இரங்கல் குறிப்பு எழுத வந்த விட்டேகர் என்ற கணிதவியலாளர் வாட்சனின் படிப்பறையைப் பார்த்தால், தரை முழுக்கக் காகிதக் குவியல். இன்னும் சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிட இருந்தார்கள். குவியலுக்குள் கைவிட்டு எடுத்ததில் ராமானுஜன் வந்தார்! 1968 டிசம்பரில் ரேங்கின் என்ற பேராசிரியர் அந்தத் தாள்களைக் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி வைத்தார்.

அப்புறம்? 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் அங்கே வந்து வாட்சனின் பெட்டியைத் திறக்கிறார். உள்ளே நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 600க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். நோட்டுப் புத்தகம்கூட இல்லை, உதிரித் தாள்கள்தான். ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் வரும் ‘மாக் தீட்டா’ என்ற ஒருவகைக் கணிதச் சார்புகளில்தான் ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். அதனால் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. வேறு யாராவது திறந்திருந்தால் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த எட்டு வருடமும் அந்தத் தாள்கள் தொலையவில்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல கட்டடத்தில், பத்திரமாகத்தான் இருந்தன. உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ஆவணக் காப்பகத்தில் பொருள் காணாமல் போவதற்குத் திருடன் வேண்டியதில்லை. பெட்டிக்கு மேல் ‘இதர தாள்கள்’ என்று எழுதி வைத்தாலே போதும்.

எழுதி வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆவணக் காப்பக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியரின் கோப்புகள் வந்தன. ஒழுங்காக இருக்கட்டுமே என்று கடிதங்களைத் தனியாக, குறிப்புகளைத் தனியாகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கினேன். இரண்டு வாரம் ஆனது. பெருமையாக இருந்தது. பிறகு ஓர் ஆய்வாளர் வந்து, “இந்தக் குறிப்பு எந்தக் கடிதத்தோடு சேர்ந்திருந்தது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏதோ ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பேராசிரியர் எழுதிய குறிப்பு அது. இரண்டையும் சேர்த்துக் குத்தியிருந்த துருப்பிடித்த குண்டூசியை நான்தான் கழற்றி எறிந்திருந்தேன். குண்டூசியைக் கழற்றியது தப்பில்லை, துரு காகிதத்தைத் தின்றுவிடும். எவை எவை சேர்ந்திருந்தன என்று குறித்து வைக்காததுதான் தப்பு. யாரிடமிருந்து வந்ததோ அவர் பெயரிலேயே, அவர் வைத்திருந்த வரிசையிலேயே வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். நூலகத்துப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கிற கைக்கு இது அவ்வளவு சுலபமாகப் பழகாது.

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணிக்கந்தலில் செய்த 400 ஆண்டுப் பழைய காகிதம் இன்றும் வளைந்து கொடுக்கும். 80, 90 ஆண்டுக்கு முந்தைய செய்தித்தாளோ தொட்டால் நொறுங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வந்தது. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் சேர்ந்தது. அதிலிருந்து வரும் அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே அரிக்கிறது. ராமபாணப் பூச்சியையாவது விரட்டலாம், இதை என்ன செய்வது? அமிலமற்ற பெட்டி, குளிர்ச்சி, இருட்டு என்று வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். தயவுசெய்து கிழிசலில் செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள். பிசின் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

கேம்பிரிட்ஜிலேயே இன்னொரு கல்லூரி, கார்பஸ் கிறிஸ்டி. பேராயர் மேத்யூ பார்க்கர் 16ஆம் நூற்றாண்டில் தம் சுவடிகளை அதற்குக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டார். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொலைத்தால் மொத்தச் சேகரிப்பும் பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விடும். ஆண்டுதோறும் அந்தக் கல்லூரிக்காரர்கள் வந்து சரிபார்க்கவும் ஏற்பாடு. பக்கத்து வீட்டுக்காரரைவிட நல்ல தணிக்கையாளர் உண்டா? மனிதர் கெட்டிக்காரர். சேகரிப்பு இன்றும் அங்கேயே இருக்கிறது.

“எல்லாம் ஸ்கேன் செய்துவிட்டோமே” என்பீர்கள். சரி, நல்லதுதான். ஆனால் ‘ஐஎம்ஜி 0047’ என்று பெயர் வைத்த கோப்பும் ‘இதர தாள்கள்’ பெட்டியும் ஒன்றுதான்.

அரிய சுவடி உள்ள கல்லூரிகள் குறைவு. ஆனால் சேர்க்கைப் பதிவேடும், மாணவர்கள் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையும், குழுப் புகைப்படங்களும் இல்லாத கல்லூரி கிடையாது. முதல்வர் பெயர் எப்படியும் எங்காவது அச்சில் கிடைத்துவிடும். மூன்றாவது வரிசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற பையன் யார் என்பது அவனோடு படித்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படி ஒரு படத்தைப் பின்னால் மேசைமேல் வைத்திருக்கிறேன். 31 பேரில் 12 பேருக்குத்தான் பெயர் தெரிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கின்றன. அடையாளம் தெரிந்தவர்கள் தாளில் எழுதுங்கள், படத்தின் பின்பக்கம் வேண்டாம். பேனாவைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.