ஒரு நாவலைப் பலி கொடுத்து இன்னொன்று: ஆக்டேவியா பட்லர்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் தன்னுடைய மூன்றாவது நாவலை அவசர அவசரமாக விற்றார். 1978இல் வந்த 'சர்வைவர்'. இன்னும் திருத்தி எழுத வேண்டிய பிரதி அது என்று அவருக்கே தெரியும். ஆனால் அடுத்த நாவலுக்கான தகவல் சேகரிக்க மேரிலாண்ட் போய்த் தங்க வேண்டும், கையில் காசில்லை. பிற்காலத்தில் அந்த நாவலை மறுபதிப்புச் செய்யவே அவர் விடவில்லை. விண்வெளி டிவி தொடரை நினைத்து 'என் ஸ்டார் ட்ரெக் நாவல்' என்று கேலி பேசுவார். வேற்றுக் கிரகத்துக்குப் போனால் அங்கே நம்மைவிடத் தாழ்ந்த ஓர் இனம் இருக்கும் என்ற பழைய கதைக்கட்டில் தானும் விழுந்துவிட்டோம் என்பது அவருடைய வருத்தம். இன்று பழைய புத்தகச் சந்தையில் அதற்கு யானை விலை, அது வேறு விஷயம்.

அப்படிக் காசு புரட்டி எழுதியதுதான் 1979இல் வந்த 'கின்ட்ரெட்'. அதற்குள் போவதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

1947 ஜூன் 22இல் கலிபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தார். அப்பா ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர், மகள் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வீட்டு வேலை செய்தார், உள்ளே போவது பின்வாசல் வழியாக. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு இருந்ததால் மகளுக்குப் பள்ளிக்கூடம் பெரும் பாடு, ஆனாலும் நூலகமே கதி என்று கிடந்தார். பத்து வயதில் அம்மாவை நச்சரித்து ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டர் வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வயதில் டிவியில் ஒரு செவ்வாய்க் கிரகப் படத்தைப் பார்த்துவிட்டு, 'இதைவிட நான் நன்றாக எழுதுவேன்' என்று உட்கார்ந்ததுதான் தொடக்கம்.

1970இல் எழுத்தாளர் ஹார்லன் எலிசனின் தூண்டுதலில், பென்சில்வேனியாவில் நடந்த கிளாரியன் எழுத்துப் பட்டறைக்குப் போனார். ஆறு வாரப் பட்டறை, இரண்டு கதைகள் விலை போயின. ஒன்று 1971இல் அச்சானது. மற்றதை எலிசன் ஒரு தொகுப்புக்காக வாங்கி வைத்திருந்தார். அந்தத் தொகுப்பு ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. கதை வெளியானது 2014இல், எழுதியவர் இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து. அந்த இரண்டுக்குப் பிறகு ஐந்து வருடம் எதுவுமே விற்கவில்லை. பாத்திரம் கழுவினார், போனில் பொருள் விற்றார், உருளைக்கிழங்கு சிப்ஸ் ஆலையில் சரக்கைத் தரம் பார்த்தார். மூளையைப் பிடித்து வைத்துக்கொள்ளாத வேலையாகப் பார்த்துத்தான் சேர்வார். விடிவதற்கு முன் இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு அப்புறம் வேலைக்கு. 1976இல் முதல் நாவல் 'பேட்டர்ன்மாஸ்டர்' டபுள்டே பதிப்பகத்தில் வந்தது.

இப்போது 'கின்ட்ரெட்'.

பாசடீனா சிட்டி காலேஜில் ஒரு கருப்பின இளைஞர், பணிந்து போன முந்தைய தலைமுறைமேல் எரிச்சலோடு பேசுவாராம். அந்தக் கிழவர்களையெல்லாம் கொன்றுவிடலாம் போலிருக்கிறது, என் பெற்றோரிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமே என்பதால்தான் முடியவில்லை என்ற தோரணையில். பின்வாசல் வழியாகப் போய் வந்த அம்மாவின் சம்பளத்தில் வளர்ந்த பெண்ணால் இதை ஏற்க முடியவில்லை. இன்றைய ஆள் ஒருவரை அப்படியே தூக்கி அடிமைமுறைக் காலத்தில் போட்டால் எவ்வளவு நாள் தாங்குவார்? நாவல் இந்தக் கேள்விதான்.

முதலில் நாயகன் ஆணாக இருந்தான். அவனை உயிரோடு வைத்திருக்க பட்லரால் முடியவில்லை. 1976இன் மனிதன் நிமிர்ந்து பார்ப்பான், எதிர்த்துப் பேசுவான், அந்தக் காலத்தில் அதற்கே கொன்றுவிடுவார்கள். பெண்ணாக மாற்றினார். ஆணைப் பார்த்த கண்ணோடு அவளைப் பார்க்க மாட்டார்கள். அந்த அலட்சியத்தின் நிழலில் நாயகி டேனா பிழைத்துக் கிடக்கிறாள்.

இடமும் சும்மா தேர்ந்ததல்ல. மேரிலாண்டுக்கு வடக்கே பென்சில்வேனியா, அடிமைமுறை ஒழிந்த மாநிலம். தப்பியோட ஒரு திசை இருந்தால்தான் கதையில் இழுவிசை இருக்கும். அடிமைகளாகப் பிறந்து, தப்பிப்போய், அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸும் ஹாரியட் டப்மனும் பிறந்த மண்ணும் மேரிலாண்டின் கிழக்குக் கரைதான். பட்லர் அங்குள்ள டால்பட் கவுண்டிக்குப் போய்ப் பார்த்தார். பெரும்பாலான நேரம் பால்டிமோரில், ஈனக் பிராட் நூலகத்திலும் மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்திலும் கழிந்தது. பண்ணை வீடு எப்படியிருக்கும் என்று பார்க்க ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னனுக்குப் போனார். அடிமைகள் தங்கிய குடிசைகள் அப்போது அங்கே திரும்பக் கட்டப்படவில்லை. அது இல்லாத வெற்றிடத்தை ஏட்டிலிருந்துதான் அவர் நிரப்ப வேண்டியிருந்தது. படித்ததை எல்லாம் அப்படியே எழுதினால் வாசகர் தாங்கமாட்டார் என்று கொடுமையைக் குறைத்தே எழுதியதாகவும் சொல்லியிருக்கிறார்.

காலப் பயணம் உண்டு, ஆனால் இயந்திரம் கிடையாது. அறிவியல் இல்லாத கதையை அறிவியல் புனைகதை என்று எப்படிச் சொல்வது என்பார் பட்லர். விதி இரண்டே இரண்டு. வெள்ளைக்காரப் பையன் ரூஃபஸ் உயிர் போகும் நிலையில் சிக்கும்போது டேனா அங்கே இழுக்கப்படுவாள். தன் உயிர் போகப்போகிறது என்று அவள் பயந்தால் வீடு திரும்புவாள். ரூஃபஸ் அவளுடைய மூதாதை. அவன் பிள்ளை பெறும்வரை அவனைச் சாகவிட அவளால் முடியாது.

இரண்டாவது விதியை அவர் எப்படித் திருகுகிறார் என்பதை எழுத விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதல் தடவை முகத்துக்கு நேரே துப்பாக்கி நீண்டதும் டேனா வீட்டில் வந்து விழுகிறாள். பிறகு சாட்டையடி. செத்தோம் என்று நினைக்கிறாள், திரும்பிவிடுகிறாள். அதற்கடுத்த சாட்டையடியில் அங்கேயே கிடக்கிறாள். ஏன்? இது கொல்லாது என்று இப்போது அவளுக்குத் தெரியும், சாவு பயம் வருவதில்லை. அடிமைத்தனத்துக்கு உடம்பு பழகுவதை ஒரு வரி உபதேசம் இல்லாமல், கதையின் விதியே காட்டிவிடுகிறது. பின்னால் ஒரு கட்டத்தில் வீடு வருவதற்காகத் தன் மணிக்கட்டை அவளே அறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவள் பையையும் பாருங்கள். எப்போது இழுக்கப்படுவோம் என்று தெரியாததால் உடம்போடு கட்டிக்கொண்டே திரிகிறாள். சோப்பு, மாற்றுத்துணி, ஆஸ்பிரின், கத்தி. ஆஸ்பிரின் உதவுகிறது. கொண்டுபோன வரைபடத்தையோ ரூஃபஸ் எரிக்க வைத்துவிடுகிறான். காலமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை: இங்கே எட்டு நாள் போனால் அங்கே ஐந்து வருடம். அந்தக் கணக்கில், கூடவே போன கணவன் கெவின் அங்கே மாட்டிக்கொள்கிறான்.

'பிளட்சைல்ட்' சிறுகதையை இவ்வளவு விரிக்கப் போவதில்லை, ஆனால் அதன் மூலப்பொருளைச் சொல்லியாக வேண்டும். பெரு நாட்டு அமேசான் காட்டுக்குப் போகத் திட்டமிட்டபோது அவரைப் பயமுறுத்தியது பாட்ஃபிளை என்ற ஈ. வேறு பூச்சி கடித்த புண்ணில் இதன் முட்டை சேர்ந்து, புழு மனிதச் சதைக்குள் வளரும். பிதுக்கக் கூடாது என்பார்கள். பிதுக்கினால் புழுவின் ஒரு பகுதி உள்ளேயே அறுந்து நின்று அழுகிச் சீழ் வைக்கும். ஊர் திரும்பி மருத்துவரிடம் காட்டும்வரையோ, அது தானாக வளர்ந்து வெளியேறும்வரையோ சுமக்க வேண்டியதுதான். அந்த அருவருப்பை எழுதித் தீர்த்தார். வேற்றுயிரின் முட்டைகளை ஆண் சுமக்கும் கதை அது, அதைக் காதல் கதையாக எழுதியிருப்பதுதான் துணிச்சல். 1984இல் வெளிவந்து ஹியூகோ, நெபுலா என்ற அறிவியல் புனைகதை விருதுகள் இரண்டையும் வாங்கியது.

அட்டைப் படத்தால் வந்த கூத்தும் உண்டு. 1987இல் 'டான்' நாவல் வந்தபோது அதன் நாயகி, கருப்பினப் பெண்ணான லிலித்தின் இடத்தில் அட்டையில் ஒரு வெள்ளைக்காரியைப் போட்டார்கள். உள்ளே ஒரு பக்கம் படித்திருந்தால்கூட நடந்திராது.

1993இல் 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நாவல். மக்காத்தர் அறக்கட்டளையின் நல்கை 1995இல், 2,95,000 டாலர், அறிவியல் புனைகதையாளர் ஒருவருக்கு முதல் தடவை. 'பேரபிள்' வரிசையின் மூன்றாம் நாவலைப் பலமுறை தொடங்கித் தொடங்கிக் கைவிட்டார். இரத்த அழுத்த மருந்துகளும் எழுத்தை மந்தமாக்கின. இடையில் 2005இல் 'ஃபிளெட்ஜ்லிங்'. 2006 பிப்ரவரி 24இல், 58 வயதில் காலமானார். குறிப்பேடுகளும் கைவிட்ட பிரதிகளும் ஹன்டிங்டன் நூலகத்தில் இருக்கின்றன. தன் புத்தகங்கள் அதிகம் விற்கும் என்று 1988இல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். 'பேரபிள் ஆஃப் தி சோவர்' நியூயார்க் டைம்ஸின் அதிகம் விற்கும் புத்தகங்கள் பட்டியலில் ஏறியது 2020இல்.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் 'கின்ட்ரெட்', பிறகு 'பிளட்சைல்ட்' தொகுப்பு. அதில் எழுதுவதைப் பற்றிய இரண்டு கட்டுரைகளும் உண்டு. அகத்தூண்டுதலை மறந்துவிடு, பழக்கம்தான் கைகொடுக்கும் என்கிறார். 'பேட்டர்ன்மாஸ்டர்', 'சர்வைவர்' எல்லாம் சேர்ந்த பேட்டர்னிஸ்ட் நாவல் வரிசையை மட்டும் வெளிவந்த ஆண்டு பார்த்துப் படிக்காதீர்கள், முதலில் வந்ததுதான் கதையின் கடைசிக் கட்டம். 'வைல்ட் சீட்', 'மைண்ட் ஆஃப் மை மைண்ட்', 'க்ளேஸ் ஆர்க்', 'பேட்டர்ன்மாஸ்டர்' என்று போங்கள். 'சர்வைவர்' கிடைக்கவில்லை என்று கவலைப்பட வேண்டாம், அதை விட்டுவிட்டுப் படித்தாலும் கதை அறுபடாது.